ஜே டில்லாவும் தாளப் பிழையும்

இத்தலைப்பைக் கண்ட அளவிலே, "மலரின் தமிழ்ப் பகுதியிலே ராப் பாட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று வினவுவோர் நம் கல்லூரியிற் சிலரேனும் இருப்பர். யாப்புப் பயிலும் மாணாக்கர்க்கே இப்பொருள் பெரிதும் உரியது என்பது எமது துணிபு. ஓர் ஓசை தனக்குரிய இடத்திற்குச் சிறிது முன்னரோ பின்னரோ விழுந்தால் என்னாகும் என்னும் ஒன்றனையே ஜே டில்லா தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார்.

ஜேம்ஸ் டிவிட் யான்சி என்பது அவர் இயற்பெயர். அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரில் 1974-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 7-ஆம் நாள் பிறந்தார். தாயார் ஆப்பெரா பாடியவர். தந்தையார் ஜாஸ் இசையிலே பாஸ் வாசித்தவர். மோட்டார்த் தொழிலால் வாழ்ந்து அதனாலேயே தளர்ந்த அந்நகரின் கானண்ட் கார்டன்ஸ் பகுதியில் வளர்ந்து, பள்ளித் தோழர் இருவரோடு ஸ்லம் வில்லேஜ் என்னும் குழுவை அமைத்தார். ஆம்ப் ஃபிட்லர் என்னும் மூத்த இசைவாணர் எம்.பி.சி. என்னும் கருவியை அவருக்குப் பழக்கினார். நியூயார்க் நகரத்துப் பெரும் பாடகராகிய க்யூ-டிப்பிடம் அவரைச் சேர்த்தவரும் அவரே. அதன்பின் வந்தவை பல: 1995-இல் ஃபார்சைட் குழுவின் 'ரன்னின்', 1996-இல் டி லா சோல் குழுவின் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை', 2000-இல் காமன் பாடிய 'தி லைட்', அவ்வாண்டிலேயே எரிகா பாடு பாடிய 'டிட்ன்ட் சா நோ'.

இவற்றையெல்லாம் அவர் பாடினார் அல்லர், கட்டினார். இத்தொழில் செய்வாரை 'புரொட்யூசர்' என்பர். நம் நாட்டுத் திரைப்பட முதலாளியை நினைத்து மயங்கற்க. தாளம், பண், ஓசை ஆகிய அனைத்தையும் அமைத்துப் பாடுவோர் கையிற் கொடுப்பவரே அவர். பாடுவோர் பெயர் ஊரறியும். அமைத்தோர் பெயர் உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்தில் மறையும். டில்லாவின் பெயரோ அங்கும் முழுதும் விளங்கவில்லை. 'ஏ டிரைப் கால்ட் குவெஸ்ட்' குழுவின் 1996, 1998-ஆம் ஆண்டுத் தட்டுகளில் அவர் பணி 'உம்மா' என்னும் கூட்டுப் பெயரின்கீழ் அடங்கிற்று.

நிற்க. அவரைப் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. இரண்டும் அவரைப் புகழ்வன போலத் தோன்றி, அவர் தொழிற்றிறத்தை அவரிடமிருந்து பறிப்பன என்று கருதுகின்றோம்.

முதற்கதை வருமாறு: எம்.பி.சி. கருவியிலே, கை தவறித் தட்டினாலும் ஓசையைச் சரியான இடத்திற்கு இழுத்து நிறுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. டில்லா அதனை நிறுத்திவிட்டு மனம்போனவாறு தட்டினார். அதனாற் பிறந்த தள்ளாட்டமே அவர் இசை என்பர். விடுதியிலே எம் நண்பரொருவருக்கு முதன்முதல் அவ்விசையைக் கேட்பித்தபோது, செவிக்கருவியைக் கழற்றி, "இது பழுதாயிற்றோ?" என்றார். அவர் அவ்வாறு கேட்டது இயல்பே. ஆயின் அப்பிழை தானே நேர்ந்ததன்று. டில்லா கையாண்ட எம்.பி.சி. 3000 ஒவ்வொரு தட்டையும் 96 நுண்கூறுகளாகப் பகுப்பது. ஓசைகளுள் ஒன்றைச் சில கூறுகள் முற்படுத்தியும், ஒன்றைப் பிற்படுத்தியும், மற்றொன்றை நேராகவே நிறுத்தியும் அவர் அமைத்தார். நேர்நடையும் ஊசல்நடையும் ஒரே பாட்டில் ஒருங்கே செல்லுமாறு செய்தமையே அவர் புதுமை என்று, டேன் சார்னஸ் 2022-இல் வெளியிட்ட 'டில்லா டைம்' என்னும் நூலில் விரித்துக் காட்டுகின்றார். சொல் முடியும் இடமும் சீர் முடியும் இடமும் வேறாகும் வகையுளி எமக்கு நினைவு வருகின்றது. ஒப்புமை முற்றும் பொருந்தாது. வகையுளியை நம் ஆசிரியர் குற்றமெனத் திருத்துவர்!

அது தற்செயலாயின் பிறர் அதனைப் பயின்றிருக்க இயலாது. கடிகாரம் போற் பிழையாது கொட்டுதலே குறிக்கோளெனக் கொண்டிருந்த குவெஸ்ட்லவ் என்னும் முழவுக் கலைஞர், டில்லாவைக் கேட்டபின் தாம் கற்றதை மறந்து மீண்டும் கற்றதாகத் தாமே கூறியுள்ளார். அப்பயிற்சியின் பயனை 2000-இல் வெளிவந்த டியாஞ்சலோவின் 'வூடூ'விற் கேட்கலாம். இயந்திரத்தில் அமைந்த தாளத்தை மனிதர் கையாற் பயில்வது புதுமையன்றோ?

பழைய தட்டுகளிலிருந்து ஓசைத் துண்டுகளை எடுத்தல் களவு என்பாரும் உளர். எடுத்ததற்கு உரியவர்க்குப் பொருளும் பெயரும் தரல் வேண்டும் என்பதில் எமக்கும் மறுப்பில்லை. ஆனால் எடுத்தாளுதல் வேறு, களவு வேறு என்பதைத் தமிழ் மாணாக்கர்க்கு விளக்கல் வேண்டா.

ராப் பாடுவோராக அவர் எத்தகையர்? நடுத்தரமானவர் என்றே சொல்வோம். தாளத்தோடு இழைந்து செல்லும் குரல் இனியதே; சொல்லிலே ஆழம் குறைவு. அவரோ தம்மைப் பாடகராகவும் உலகம் அறிதல் வேண்டுமென விரும்பினார். எம்.சி.ஏ. நிறுவனத்திற்காகப் பெரும்பாலும் பிறர் அமைத்த இசைமீது தாம் பாடி ஒரு தட்டு முடித்தார்; நிறுவனம் அதனை வெளியிடாது வைத்துவிட்டது. 'தி டைரி' என்னும் பெயருடன் அது வெளிவந்தது 2016-இல். அவர் மறைந்து பத்தாண்டு கழித்து.

இரண்டாம் கதை அவர் இறுதி பற்றியது. குருதியைப் பற்றிய அரியதொரு நோயும் லூபஸ் நோயும் அவரை வருத்தின. 2005-இன் இறுதியிற் சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஐரோப்பிய மேடைகளிற் பாடினார். சொற்பாட்டின்றி 31 சிறு துண்டுகளால் அமைந்த 'டோனட்ஸ்' என்னும் தட்டு, 2006 பெப்ருவரி 7-இல், அவருடைய 32-ஆம் பிறந்தநாளன்று வெளிவந்தது. மூன்றாம் நாள் உயிர் நீத்தார். அத்தட்டினை ஏறக்குறைய முழுதும் மருத்துவமனைப் படுக்கையிலேயே செய்தார் என்று பலரும் எழுதினர். சார்னஸ் அக்கதையை ஆராய்ந்து மறுக்கின்றார். கதை உருக்கமானது, ஆயினும் நோயே அவ்விசையை இயற்றியது போன்ற எண்ணத்தை அது பரப்பிவிட்டது. பழந்தட்டுகளைத் திரட்டி, கேட்டு, நறுக்கி, கோத்துப் பழகிய பதினைந்து ஆண்டு உழைப்பை யார் கணக்கிட்டனர்? இளமையில் இறந்த கலைஞரைப் பற்றி எழுதுங்கால் இரக்கம் மிகுந்து திறனாய்வு குன்றுதல் நம் நாட்டிலும் காணும் வழக்கமே.

அவர் கையாண்ட எம்.பி.சி. 3000 கருவியை 2014-இல் அவர் தாயார் வாஷிங்டன் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்திற்கு ஈந்தார். வீணையையும் யாழையும் போல அதுவும் இசைக்கருவியே என்று அங்குள்ளோர் ஏற்றமையை உளமார வரவேற்கின்றோம். அருங்காட்சியகத்திலுள்ள கருவி ஒலிப்பதில்லை. அதனைக் கேட்க விழையும் நண்பர்கள் 'டோனட்ஸ்' தட்டின் இரண்டாம் துண்டிலிருந்து தொடங்குக. செவிக்கருவி பழுதன்று.