தூக்கிப் போடச் சொல்பவர்களுக்கு

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் போகிக்கு அடியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். போன வாரம் வந்த நண்பர், என் பழைய எச்.ஓ. மாடல் பயணிகள் பெட்டிகள் தடம் புரள்வதைப் பார்த்துவிட்டு, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்" என்றார். மகன் முதல் சம்பளத்தில் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தவை அவை.

பெட்டிக்கு என்ன கேடு? கோளாறு சக்கரத்தில். பழைய சக்கரங்களின் விளிம்பு ஆழம் அதிகம். கோடு 100 தண்டவாளத்தில் சமாளிக்கும், 0.083 அங்குல உயரமே உள்ள கோடு 83-இல் ஆணித் தலைகளில் தட்டித் தட்டி ஏறும். ஆர்.பி.25 விளிம்புள்ள உலோகச் சக்கரம் போட்டால் தீர்ந்தது. சரக்கு வண்டிக்கான 33 அங்குலத்தைத் தலையில் கட்டுவார்கள், ஏமாறாதீர்கள். பயணிகள் பெட்டிக்கு 36. (நம் ஐ.சி.எஃப். பெட்டிக்கும் 915 மி.மீ., கிட்டத்தட்ட அதேதான்.) 87-இல் ஒரு பங்காகச் சுருங்கினாலும், சின்னச் சக்கரத்தில் பெட்டி அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தாழும், கப்ளிங் மட்டம் கெடும்.

போகியோடு ஒட்டிய கப்ளிங்தான் அடுத்த வில்லன். பின்னால் தள்ளும்போது போகியையே திருகிவிடும். வெட்டி எடுத்துப் பெட்டியின் அடியில் பொருத்துங்கள். 18 அங்குல வளைவு வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தொட வேண்டாம். நீளப் பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளும்.

பட்டறையில் சக்கரம் தேய்ந்தால் சக்கரத்தைக் கடைந்தோம். பெட்டியைக் கொளுத்தவில்லை.

இரண்டு பெட்டி முடித்துவிட்டேன், இன்னும் ஐந்து. நண்பர் தீபாவளிக்கு வருகிறாராம். வரட்டும்.