காற்றுக்கு எல்லைக்கல் நாட்ட முடியுமா?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் நமது கரையோரம் கிழக்கே கடலாலும் மேற்கே வயல்வெளியாலும் நெருக்குண்ட ஒடுங்கிய மணற்பட்டி. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஊரை அடுத்து ஊர் அமைந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வளவு இல்லாத இடத்தில் குப்பைக்கு மட்டும் நிலம் ஏது? ஆகவே குப்பை மேற்கே போகிறது. போன குப்பையை நாம் மறந்துவிடுகிறோம். அது நம்மை மறப்பதில்லை.

பள்ளக்காடு சொல்லும் பாடம்

அட்டாளைச்சேனைக்கு மேற்கேயுள்ள பள்ளக்காட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2008இல் திண்மக்கழிவு நிலையம் ஒன்று அமைந்தது. சுற்றிலுமுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. யானைகளைத் தடுக்க நின்ற மின்வேலி 2014இல் இடிவிழுந்து பழுதாயிற்று. அதன்பின் அதைச் செப்பனிடுவார் இல்லை. பொலித்தீனைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே மடிந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் பரவியது. படங்களைக் கண்டவர்கள் கண்ணீர் விட்டனர். நல்லது. ஆனால், குப்பைச் சுவை கண்ட யானை வயலுக்குள்ளும் ஊருக்குள்ளும் இறங்கும்போது, இரவெல்லாம் வெடி கொளுத்தி விழித்திருக்கும் உழவனுக்காக வருந்தியவர் எத்தனை பேர்?

பிறர் பணத்தில் நிலையம் வந்தது. நடத்தும் பொறுப்பு நம் கையில் இருந்தது. கட்டடம் எழுப்புவதோடு கடமை முடிந்ததெனக் கருதியதன் பயனே நாம் கண்ட காட்சி. அந்தக் குறையைத் தீர்க்காமல் குழியை மட்டும் அகலப்படுத்துவது, ஓட்டைப் பானைக்குப் பதில் பெரிய ஓட்டைப் பானை வாங்குவது போன்றதே.

கச்சான் கொண்டுவருவது

குப்பையில் பெரும்பகுதி சமையற்கூடத்திலும் சந்தையிலும் சேரும் ஈரக் கழிவு. காற்றுப்படாமல் புதைந்து அழுகும்போது அதிலிருந்து மெதேன் வாயு எழுகிறது. அது தீப்பற்றக்கூடியது, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலியது. அதனோடு அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டும் வருகிறது. மேடு தீப்பிடித்தாலோ, தீயவர் மூட்டினாலோ, பிளாஸ்திக்குப் புகையில் டயொக்சின் போன்ற நஞ்சும் நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்துகளும் கலந்திருக்கும். சிறுபோகக் காலத்தில் வீசும் கச்சான் மேற்கிலிருந்து வருவது. நாம் மேற்கே அனுப்பியதை அதுவே நமது வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவரும். மாரியில் பெய்யும் மழையோ குப்பைச் சாற்றை வாய்க்காலுக்கும் வட்டைகளுக்கும் இழுத்துச் செல்லும்.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2008இல் திருத்தப்பட்ட காற்றுத்தர விதிகள், இரண்டரை மைக்ரோனுக்குக் குறைந்த நுண்துகள் 24 மணி நேரத்தில் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என வகுத்தன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 15 மட்டுமே. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்யும் வர்த்தமானியும் 2017 செப்டெம்பரில் வெளிவந்தது. ஆயின், அளக்கும் கருவி கொழும்பிலும் மூச்சு இழுப்பவன் ஒலுவிலிலும் இருந்தால், எழுதிய அளவினால் என்ன பயன்?

மற்றொரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவுடைய திண்மக்கழிவு நிலையத்துக்குச் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும் என 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி விதித்தது. நமது சபைகள் சிறியவை. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு குழி தோண்டினால், ஒவ்வொன்றும் அந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடும். பத்துக் குழிகளின் புகை ஒன்றுசேர்ந்து நம் மார்பில் ஏறும். மதிப்பீடோ, மக்கள் கருத்துக் கேட்பதோ எதற்கும் நடவாமற்போகும். இதைத் தடுக்கும் வழி, கரையோரம் முழுவதையும் ஒரே காற்று மண்டலமாகக் கருதித் திட்டமிடுவதே.

பொறுப்பு யாருடையது?

மாநகர சபைக் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் குப்பை அகற்றும் கடமையை உள்ளூராட்சிச் சபைகளின் தலையில் வைத்தன. அச்சபைகளோ 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் ஈராண்டுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரின்றிக் கிடந்தன. கேள்வி கேட்க ஆளில்லாத காலத்தில் குப்பைமேடு வளர்வதில் வியப்பென்ன?

எல்லை பற்றியும், பிரதேச செயலகம் பற்றியும், தனிச் சபை பற்றியும் நாம் ஆண்டுக்கணக்காக வாதாடிவிட்டோம். அவ்வாதங்கள் நியாயமானவையாயினும் ஆகட்டும். ஆனால், புகை தமிழன் வீடா முஸ்லிம் வீடா என்று கேட்டுவிட்டு நுழைவதில்லை. காரைதீவுக் குழந்தையின் இருமலும் சாய்ந்தமருதுக் குழந்தையின் இருமலும் ஒரே இருமல்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டிலேயே ஈரக் கழிவையும் உலர் கழிவையும் பிரித்தல். ஈரக் கழிவு நல்ல கூட்டெருவாகும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் திடீரெனத் தடை வந்தபோது எருவுக்கு அலைந்த நம் விவசாயிகளுக்கு அதன் அருமை தெரியும். கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலவாத, தரம் சோதித்த எருவையே அவர்கள் ஏற்பர். அதைத் தருவது சபைகளின் கடன்.

இரண்டாவது, மிஞ்சுவதைப் புதைக்கும் குழிக்கு அடியில் நீர் புகாத விரிப்பு, சாறு சேர்க்கும் வாய்க்கால், வாயு வெளியேறும் குழாய், நாள்தோறும் மண்மூடல், உறுதியான வேலி ஆகியவை வேண்டும். இவையின்றி ஓர் ஏக்கர்கூட விரிவாக்கலாகாது.

மூன்றாவது, குப்பைமேட்டின் அருகிலும் காற்றின் திசையிலுள்ள ஊர்களிலும் காற்றை அளந்து, கணக்கைத் தமிழில் மாதந்தோறும் வெளியிட வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் இதைக் கோர நம் மருத்துவரும் பொறியியலாளரும் ஆசிரியரும் முன்வர வேண்டும்.

நான்காவது, இடந்தெரியும் கூட்டத்தில் அதிகாரிகளோடு கமக்காரர் அமைப்புகளும் வட்டவிதானைமாரும் அமர வேண்டும். கொழும்புக் குப்பையைப் புத்தளத்து அறுவைக்காட்டுக்குக் கொண்டுபோனபோது புத்தளத்து மக்கள் ஏன் வீதிக்கு வந்தனர்? கேளாமல் சுமத்தப்பட்டதனாலன்றோ?

2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 உயிர்களைக் கொண்டது. அம்மேடு ஒரே நாளில் எழுந்ததன்று. ‘நாளை பார்ப்போம்’ என்ற சொல்லே அதை அடுக்கடுக்காக உயர்த்தியது. அச்சொல் நமது கரையோரச் சபைகளில் இனி ஒலிக்கலாகாது.