துரோகின்னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. செங்கம் ரோட்டுல ஒரு டீக்கடை வாசல்ல நாலு பேர் நின்னுட்டு இருந்தோம். போன்ல நியூஸ் வந்துச்சு. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போறாங்க, சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர்றார். வதந்தியா சுத்திட்டு இருந்தது உண்மையாயிடுச்சு. டீ ஆறுறதுக்குள்ள நான் ஸ்டேட்டஸ் போட்டேன்: "காசுக்காகப் போன துரோகி." 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சு நமக்குக் கப் வாங்கிக் கொடுத்த அதே ஆளுக்குத்தான் போட்டேன்.

ராத்திரி ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சம்பளம் எவ்வளவுன்னு பார்த்தியாடா?"

அப்புறம்தான் பார்த்தேன். சென்னையில 18 கோடி. ராஜஸ்தான்ல 14 கோடி. காசுக்காகப் போறவர் நாலு கோடி குறைச்சலுக்கா போவார்? ஸ்டேட்டஸை அழிச்சேன். ஆனா அதுக்குள்ள பாதி கிளாஸ் பார்த்தாச்சு, ரெண்டு பேர் அதையே எடுத்து அவங்க ஸ்டேட்டஸ்ல வெச்சாச்சு.

அந்தக் கூச்சத்துலதான் இதை எழுதுறேன். நம்மள்ல பல பேருக்கு எல்பிடபிள்யூ விதி அத்துபடி. ஆனா ஒரு ஆட்டக்காரர் ஒரு டீமை விட்டு இன்னொரு டீமுக்கு எப்படிப் போறார்னு கேட்டா, "தூக்கிட்டாங்க", "ஓடிட்டான்" என்ற ரெண்டு பதில்தான் நம்மகிட்ட இருக்கு. விதியில இருக்கிற வார்த்தைகள் வேற. ஒவ்வொன்னுலயும் முடிவு யார் கையில இருக்குங்கிறதும் வேற.

முதல்ல டிரேட். ஐபிஎல்ல ரெண்டு டீம் பேசி ஆட்டக்காரரை மாத்திக்கலாம், இல்ல முழுக்கப் பணம் கொடுத்தும் வாங்கலாம். ஆனா அந்த ஆட்டக்காரர் சம்மதிக்கணும். அதே சமயம் ஒப்பந்தத்துல இருக்கும்போது ஆட்டக்காரர் தானா போய் இன்னொரு டீமோட பேரம் பேசக் கூடாது. இதுக்கும் உதாரணம் ஜடேஜாதான். ராஜஸ்தான்ல இருந்தபோது வேற டீமோட பேசினார்னு 2010 சீசன் முழுக்க அவரைத் தடை பண்ணாங்க. பதினஞ்சு வருஷம் கழிச்சு அதே ராஜஸ்தானுக்கு முறைப்படி டிரேட்ல திரும்பிப் போறார். அதுக்கு நாம வெச்ச பேர் துரோகம்.

ரெண்டாவது ரிலீஸ். இந்த வார்த்தையைக் கேட்டதும் "கழட்டி விட்டுட்டாங்க"ன்னு நினைக்கிறோம். ரிலீஸ் பண்ணா நடக்கிறது ரெண்டே விஷயம். அவரோட சம்பளத் தொகை டீமோட பர்ஸுக்குத் திரும்புது. அவர் ஏலத்துக்குப் போகலாம். அங்க எந்த டீமும் அவரை எடுக்கலாம், விட்ட டீம் உட்பட. தீபக் சாஹரை சென்னை தக்கவைக்காம விட்டுட்டு, 2022 ஏலத்துல 14 கோடிக்குத் திரும்ப வாங்குச்சே, ஞாபகம் இருக்கா? மதீஷ பதிரணாவைச் சென்னை 13 கோடிக்கு வெச்சிருந்து ரிலீஸ் பண்ணுச்சு. 2025 டிசம்பர் அபுதாபி ஏலத்துல கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்துச்சு. அதே ஏலத்துல, கொல்கத்தா 23.75 கோடிக்கு வெச்சிருந்து விட்ட வெங்கடேஷ் ஐயர் 7 கோடிக்குப் பெங்களூருவுக்குப் போனார். ஒருத்தருக்கு ஏத்தம், ஒருத்தருக்கு இறக்கம். வார்த்தை ஒன்னுதான்.

மூணாவது, ஏலத்துல கத்துற தொகை முழுக்க ஆட்டக்காரர் பாக்கெட்டுக்குப் போகுதுன்னு ஒரு நம்பிக்கை. அபுதாபியில கேமரூன் கிரீனுக்குக் கொல்கத்தா கொடுத்தது 25.20 கோடி. அவருக்குக் கிடைக்கிறது 18 கோடிதான். மினி ஏலத்துல வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு அதுதான் உச்சவரம்பு. மிச்சம் ஆட்டக்காரர் நலனுக்குன்னு பிசிசிஐகிட்ட போகுது. "25 கோடி வாங்கிட்டு டக் அவுட்டா"ன்னு மீம் போடுறவங்க இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிங்க.

இதெல்லாம் நம்ம ஊர்க் குழப்பம் மட்டும் இல்ல. வட அமெரிக்காவுல என்எச்எல்னு ஒரு ஐஸ் ஹாக்கி லீக் இருக்கு. அங்க 'வேவர்'னு ஒரு விதி. வேவர்னா நமக்குத் தெரிஞ்சது கடன் தள்ளுபடி, ஃபீஸ் தள்ளுபடிதான். அங்க அது ஆட்டக்காரரைப் பத்தின விஷயம். பெரிய லீக்ல இருக்கிற ஒருத்தரைக் கீழ் லீக்குக்கு அனுப்பணும்னா, பெரும்பாலும் முதல்ல அவரை வேவர்ல வைக்கணும். மத்த டீம்களுக்கு 24 மணி நேரம். யாராவது கேட்டா, அவரோட ஒப்பந்தத்தை அப்படியே ஏத்துக்கிட்டு கூட்டிட்டுப் போகலாம். ரெண்டு மூணு டீம் கேட்டா, புள்ளிப் பட்டியல்ல கீழே இருக்கிற டீமுக்கு முன்னுரிமை. யாருமே கேட்கலன்னா அவர் கீழ் லீக்குக்குப் போகலாம், ஆனா ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கும். அங்கயும் வேவர்னு நியூஸ் வந்தா வேலை போச்சுன்னு நினைக்கிற ரசிகர்கள் உண்டு. உண்மையில திறமையான ஆளைக் கீழ் லீக்ல பதுக்கி வைக்காம, வேற டீமுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கத்தான் இந்த விதி.

இப்ப மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. டிரேட்ல ஆட்டக்காரருக்கு வேண்டாம்னு சொல்ல உரிமை இருக்கு. ஏலத்துல பேரைக் கொடுக்கிறது அவர் இஷ்டம், எந்த ஊருக்குப் போறோம்ங்கிறது இல்ல. எடுத்த பிறகு சரியான காரணம் இல்லாம விலகினா ரெண்டு சீசன் தடை. 2025ல ஹாரி புரூக்குக்கு அதுதான் நடந்துச்சு. வேவர்ல, ஒப்பந்தத்துலயே பாதுகாப்பு எழுதி வாங்கின சிலரைத் தவிர, மத்தவங்களை யாரும் கேட்கவே மாட்டாங்க. ஆனா திட்டு மட்டும் எல்லா இடத்துலயும் ஆட்டக்காரருக்குத்தான். 2024ல ஹர்திக் பாண்டியாவை அகமதாபாத்துலயும் வான்கடேயிலயும் கூட்டமே சேர்ந்து கூச்சல் போட்டுச்சு. டிரேடை முடிச்சதும் கேப்டனை மாத்தினதும் டீம் நிர்வாகம். மைதானத்துல நின்னு அதைக் கேட்டது அவர் ஒருத்தர்தான்.

"கோடி கோடியா வாங்குறாங்க, நாலு திட்டு வாங்கினா என்ன?"ன்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுட்டு இருந்தேன். அப்புறம் பிளேஸ்மென்ட் சீசன் வந்துச்சு.

ஃபைனல் இயர் மக்களுக்கு இது தெரியும், ஜூனியர்ஸ் தெரிஞ்சுக்கோங்க. ஒரு ஆஃபர் கையில வந்துட்டா அடுத்த கம்பெனிக்கு உட்கார முடியாது. மத்தவங்களுக்கும் வாய்ப்பு கிடைக்கணும்னுதான் அந்த விதி, அதுல நியாயம் இருக்கு. எனக்கு முதல்ல ஒரு ஆஃபர் வந்துச்சு. மூணு வாரம் கழிச்சு, நான் ரெண்டு வருஷமா தயாரான துறையில இருந்தே ஒரு கம்பெனி வந்துச்சு. அந்த ஹால் வாசல் வழியாத்தான் கேன்டீனுக்குப் போனேன், உள்ள போக முடியாது. தீபத்துக்கு வீட்டுக்கு வந்த சித்தப்பா கேட்டார், "ஏன்டா, அந்தப் பெரிய கம்பெனிக்கு நீ ட்ரை பண்ணவே இல்லையாமே?" நான் பண்ணாம இல்ல சித்தப்பா, பண்ண முடியாது. இதைச் சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள சாப்பாடே முடிஞ்சுபோச்சு. அவருக்கு விதி தெரியல, அதனால எனக்கு ஆசை இல்லன்னு முடிவு பண்ணிட்டார். அன்னிக்கு டீக்கடை வாசல்ல நான் ஜடேஜாவுக்குப் பண்ணதும் இதேதான்.

விதி எல்லாம் சரின்னு நான் சொல்லல. டிரேட்ல டீம்களுக்கு நடுவுல எவ்வளவு பணம் கைமாறுதுன்னு பிசிசிஐ வெளிப்படையா சொல்லணும். தமிழ் கமென்டரியில அரட்டைக்கு ஒதுக்குற நேரத்துல அஞ்சு நிமிஷம் இந்த விதிகளை விளக்கலாம். தெரியாத இடத்துலதான் வதந்தி குடியேறும். கோபப்படணும்னா அதைக் கேட்டுக் கோபப்படுங்க.

அடுத்த முறை உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தர் வேற ஜெர்சியில வந்து நிக்கும்போது, போனை எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. இது டிரேடா, ரிலீஸா, ஏலமா? இதுல அவரை யாராவது கேட்டாங்களா? பதில் கிடைச்ச பிறகும் திட்டணும்னு தோணுச்சுன்னா தாராளமா திட்டுங்க. எனக்குத் தோணல.