நெல்லிக்காய் பறித்தது யார்?



போன மாசம் பேச்சுப்போட்டியில், "காட்டில் இருக்கும் மக்களை வெளியேற்றினால்தான் புலியும் மரமும் பிழைக்கும்" என்று பேசி முதல் பரிசு வாங்கினேன். எல்லோரும் கை தட்டினீர்கள். என் பக்கத்தில் உட்காரும் தோழி மட்டும் தட்டவில்லை. அவள் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் சோளகர் வீட்டுப் பெண். "அப்ப எங்க அம்மாவை எங்க போகச் சொல்ற?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் பேசியது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

நாம் இடைவேளையில் உப்பு தொட்டுத் தின்னும் காட்டு நெல்லிக்காய், வீடு கூட்டும் சீமாறு, மருந்துக்கு வாங்கும் தேன், கடுக்காய் எல்லாம் தானாகவா சந்தைக்கு வருது? யாரோ மலை ஏறிப் பறிக்கிறார்கள். மரத்தை வெட்டிவிட்டால் அடுத்த வருஷம் அவர்களுக்குக் காய் ஏது? அதனால் மரம் இருக்க வேண்டும் என்ற கவலை நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம்.

நம் சத்தியமங்கலம் மலையை ஒட்டி, கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கேயும் சோளகர்கள்தான். வனவிலங்குச் சட்டத்தில் 2002-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கே விற்பனைக்குக் காய், தேன் எடுக்கத் தடை வந்தது. பல குடும்பங்களுக்கு வருமானம் போச்சு. முன்பு கோடையில் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்போம், அது நின்றதும் உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவிவிட்டது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறிவிட்டது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். 2011-ல் அந்த மலை புலிகள் காப்பகம் ஆனது. அதே வருஷம், 2006 வன உரிமைச் சட்டப்படி அந்த மக்களுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. அப்படியென்றால் புலியும் மனிதரும் சேர்ந்து இருக்க சட்டத்திலேயே இடம் இருக்கிறது!

யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடு வேண்டும். ஆனால் அதை அவர்களின் கிராம சபையில் உட்கார்ந்து, அவர்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். வனக் காவலருக்குத் தெரியாத மரமும் அவர்களுக்குத் தெரியும்.

நான் கேட்காமலேயே பேசினேன். பரிசாகக் கிடைத்த டம்ளர் வீட்டில் இருக்கிறது. அதில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அவள் கேட்டதுதான் ஞாபகம் வருது. அடுத்த முறை காட்டைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைத்தால், மலையிலிருந்து வரும் பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் கை தட்டுவேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி