தோற்பை வந்தது, சுமந்தவர் எங்கே?

கல்கத்தா புனித யோவான் ஆலயத்தில் இயேசுவின் இறுதி இராவுணவைக் காட்டும் ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் உள்ளது. தீட்டியவர் யோகான் சோபனி. ஜெர்மனியில் பிறந்து, பரோக் மரபின் அந்திக் காலத்தில் ஓவியம் பயின்று, 1783இல் இந்தியா வந்தவர். 1787இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அவ்வாலயம் திறக்கப்பட்டபோது அவர் அளித்த கொடை இது.

ஓவியத்தில் பேதுருவின் வாள் சுவரில் தொங்குகிறது. அது இந்நாட்டுச் சேவகர் தரித்த வாள். மேசையருகே உள்ள நீர்க்கலம் இந்நாட்டுப் படிக்கத்தின் வடிவம். பக்கத்தில் நீர் நிரம்பிய தோற்பை. வீடுதோறும் தண்ணீர் சுமந்த 'பிஸ்தி'களின் பை. முகங்களோ? கிறிஸ்துவுக்கு மாதிரியாக அமர்ந்தவர் கிரேக்க குருவானவர் பார்த்தேனியோ. யோவானுக்குக் காவல்துறை நீதிபதி பிளாக்கியர். யூதாசுக்கு ஏலக்காரர் டல்லோ என்பது வழிவழிச் செய்தி. பந்தியில் இடம் பெற்றோர் அந்நகரின் கனவான்களே.

விவிலியக் காட்சியில் இந்தியப் பொருள்களை நுழைத்தது பிழை என்பார் உண்டு. அதற்கு நான் உடன்படேன். பொருளோடு நின்றுவிட்டதே பிழை. தோற்பை உள்ளே வந்தது. அதைச் சுமந்தவர் வெளியே நின்றார். நற்செய்தி காட்டுவதோ வேறு. சீடர்கள் மேல்மாடி அறையைக் கண்டடைந்தது எவ்வாறு? தண்ணீர்க் குடம் சுமந்து சென்ற ஒருவரைப் பின்தொடர்ந்தல்லவா (மாற் 14:13)? பெயர் சொல்லப்படாத அம்மனிதரே முதல் நற்கருணைப் பந்திக்கு வழிகாட்டினார்.

இருநூறு ஆண்டுகள் கடந்தும் நாம் திருந்தினோமா? பண்பாட்டுமயமாதல் என்று குத்துவிளக்கு ஏற்றுகிறோம், ஆரத்தி எடுக்கிறோம். நன்று. ஆனால் பெரிய வியாழனன்று பாதம் கழுவ நாம் அமர்த்தும் பன்னிருவர் யார்? நம் பங்குகள் பலவற்றில் பேரவைப் பொறுப்பாளர், பக்தசபைத் தலைவர், நன்கொடையாளர். சோபனியின் பட்டியலுக்கும் நம் பட்டியலுக்கும் என்ன வேறுபாடு? பனியன் தொழிலால் வாழும் திருப்பூரில், அப்பனியனைத் தைப்பவரின் பாதம் எங்கே?

"அவர்கள் வழிபாட்டுக்கு ஒழுங்காக வருவதில்லை" என்பர். ஒன்றரை ஷிப்டு முடித்துத் திரும்புபவருக்காக வழிபாட்டு நேரத்தை நாம் என்று மாற்றினோம்? "வடநாட்டாருக்குத் தமிழ் தெரியாதே" என்பர். கழுவப்படும் பாதத்திற்கு மொழி எதற்கு? "கொடையாளர் மனம் நோகுமே" என்பர். திருவழிபாட்டில் தனி ஆள்களுக்கோ வகுப்பாருக்கோ, அருள்பணி, நாட்டு அதிகாரம் ஆகியவற்றுக்குரிய மதிப்பு நீங்கலாக, சிறப்பு மரியாதை கூடாது என்று 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் விதித்துவிட்டது (திருவழிபாடு, 32). 2016இல் திருத்தந்தை பிரான்சிசின் விருப்பப்படி வெளிவந்த ஆணை, ஆண், பெண், இளையோர், முதியோர், நலமுற்றோர், நோயுற்றோர் என இறைமக்கள் அனைவரிடையேயும் தேர்ந்துகொள்ள வழிசெய்தது. கதவைத் திருச்சபை திறந்துவிட்டது. வாயிலில் நிற்பவர் நாம்.

கொடையாளருக்கு நன்றி சொல்லப் பங்குப் பேரவைக் கூட்டம் இருக்கிறது, கணக்கேடு இருக்கிறது. பாதம் கழுவும் சடங்கு பாராட்டு விழா அன்று. அது தலைவர் அடிமையாய்க் குனிந்த நிகழ்ச்சி.

ஆகவே பங்குப் பேரவைகளுக்கு என் வேண்டுகோள்: வரும் பெரிய வியாழனுக்குப் பட்டியல் எழுதும்போது, சாயப்பட்டறை ஈரத்தில் நிற்பவரை, செக்கிங் மேசையருகே நாள்முழுதும் நின்று கால் வீங்கிய சகோதரியை, ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியறையில் தங்கியிருக்கும் இளைஞரை முதலில் எழுதுங்கள். கொடையாளரும் அமரட்டும், அவர்களுள் ஒருவராக.