பழைய புத்தகத்துக்கு யார் விலை சொல்வது?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னைக்கு வந்தவரைத் தூரிகையைவிட மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளே அதிகம் இழுத்தன. இலக்கியம், மருத்துவம், சமயம், சரித்திரம் என்று எதையும் விட்டுவைக்காமல் வாங்கினார். புத்தகக் கணக்கிலேயே சேராத நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும்கூட அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. 1992இல் அவர் காலமானபோது கோட்டையூரில் சுமார் 50,000 நூல்கள் இருந்தன. இதழ்களும் துண்டறிக்கைகளும் தனி.

அந்தச் சேகரத்தை வாங்க முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கியதைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்துப் பராமரிக்க ஒப்புக்கொண்டது நம்முடைய நல்ல காலம். 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் இயங்குகிறது. தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி உருப்படியாக எழுத நினைக்கும் எவரும் அதன் வாசலை ஒரு முறையாவது மிதித்தாக வேண்டும். எல்லாம் சரி. தமிழ்நாட்டில் இத்தனை பல்கலைக்கழகங்கள் இருக்க, கோட்டையூர்ப் புத்தகங்களுக்கு விலை சொல்லக் கடல் கடந்து ஒருவர் வர வேண்டியிருந்தது ஏன்?

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. நில அளவை அதிகாரியான காலின் மெக்கன்சி, காவலி வேங்கட சகோதரர்கள் போன்ற உதவியாளர்களைக் கொண்டு தென்னிந்தியாவெங்கும் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர்ச் சரித்திரங்களையும் திரட்டினார். 1821இல் அவர் இறந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி அத்தனையையும் அவருடைய மனைவியிடமிருந்து 10,000 பவுண்டுக்கு வாங்கியது. அதில் ஒரு பகுதி இன்றைக்கும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. காசு விஷயத்தில் அத்தனை கறாரான கம்பெனிக்கே பழைய ஏட்டுக்குப் பணம் கொடுக்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

தமிழர்கள் சேர்க்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். மறைமலையடிகள் சேர்த்தவை சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாயின. புதுக்கோட்டையில் ஓர் ஆசிரியத் தம்பதி தங்கள் சம்பளத்தில் வளர்த்த ‘ஞானாலயா’ தமிழின் பெரிய தனியார் நூலகங்களில் ஒன்று. தனி மனிதர்கள் வாங்கினார்கள், இன்னும் வாங்குகிறார்கள். பழைய புத்தகச் சந்தைக்குப் பக்கமே வராமல் இருப்பவை நம்முடைய பொது நிறுவனங்கள்தாம். அவையும் மற்றவர்களைப் போலப் பணத்தோடு அந்தச் சந்தைக்குள் இறங்க வேண்டும்.

சந்தை என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கிறது. அறிவை விற்பதா, வாங்குவதா என்று கேட்பார்கள். ஆனால் அந்த முகச்சுளிப்பு ஒரு புத்தகத்தையும் காப்பாற்றியதில்லை. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டிய மூர் மார்க்கெட்டில் கிளியும் நாயும் கிராமபோன் தட்டும் விற்ற வரிசையில்தான் புத்தகமும் விற்றது. 1985 மே 30 அன்று அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய களை அங்கே வரவில்லை. அந்தத் தீயில் போனவற்றுக்குப் பட்டியல் கிடையாது. அதற்கு முன்பே யாரோ பேரம் பேசி வாங்கிக்கொண்டு போன புத்தகங்கள் மட்டும் தப்பித்தன, முத்தையா வாங்கியவையும் அதில் அடக்கம். டெல்லி தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையும் 2019இல் நடைபாதையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. நகரத்தில் எதையாவது ஒழுங்குபடுத்தக் கிளம்பினால் அதிகாரிகள் கண்ணில் முதலில் படுவது பழைய புத்தகக்காரர்தான்.

ஒரு வரலாற்று நூல் வீட்டிலிருந்து வெளியேறும் விதம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே. பேராசிரியரோ வக்கீலோ காலமாகிறார். பிள்ளைகள் வேறு ஊரில், அடுக்குமாடிக் குடியிருப்பில். வீட்டை விற்றாக வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பழைய பேப்பர்காரர் வருவார். செய்தித்தாளுக்கு ஒரு விலை, புத்தகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் அட்டை கனமாக இருக்கிறதாம். அங்கிருந்து மூட்டை மொத்த வியாபாரியிடம் போகிறது. கூழாகப் போகவேண்டியதிலிருந்து நாலு புத்தகத்தைப் பொறுக்கி எடுப்பவர் நடைபாதைக் கடைக்காரர். அவர் கையில் கிலோ விலை புத்தக விலையாக மாறுகிறது. பெயர் தெரிந்த விற்பனையாளரிடம் போனால் இன்னும் பல மடங்கு. வாங்குபவருக்கு இது கொள்ளையாகத் தெரியும். உண்மையில், குப்பையிலிருந்து அதை அடையாளம் கண்டுபிடித்த கண்ணுக்கான கூலி அது.

அந்தக் கண் சாமான்யமானதல்ல. பழைய தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் ஆங்கில ஆண்டு இருக்காது. ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் போட்டிருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும் பெயர் என்பதால் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். கைதேர்ந்த வியாபாரி தாளைத் தடவிப் பார்ப்பார், எழுத்துருவைப் பார்ப்பார், அச்சுக்கூடத்தின் பெயரைப் படிப்பார். அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருந்தாக வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. விலை அணாவில் இருந்தால் நயா பைசா வந்த 1957க்கு முந்தையது என்பதாவது நிச்சயம். பிறகு பின்பக்க விளம்பரங்கள். நாட்டு மருந்து விளம்பரமா, சோப்பு விளம்பரமா என்பதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நூலக அறிவியல் பட்டப்படிப்பில் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

வரலாற்று நூல்களுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. அவை தொகுதி தொகுதியாக வருபவை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பைச் சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. முதல் தொகுதி 1904இல், கடைசித் தொகுதி 1928இல். முதல் தொகுதியை வாங்கிய வாசகர் பன்னிரண்டாவதையும் வாங்க இருபத்துநாலு வருஷம் உயிரோடும் உற்சாகத்தோடும் இருந்திருக்க வேண்டும். முழுத் தொகுப்பு அபூர்வமானதற்கு இது போதாதா? தி.வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மூன்று பகுதிகளாக வெளியிட்டது, முதல் பகுதி 1949இல் வந்தது, மூன்றாவது 1961இல்தான் வந்தது. எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் ஒன்றாகவே வந்தன. ஆனால் பாகப்பிரிவினையில் நாலு அண்ணனுக்கும் மூன்று தம்பிக்கும் போன கதைதான் அவற்றுக்கும். ஒற்றைத் தொகுதி ஒன்று கடையில் வருஷக்கணக்கில் தூங்கும். அதன் ஜோடி வேறு ஊரில் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துவைக்க ஊர் ஊராகத் தொடர்பு வைத்திருக்கும் வியாபாரி வேண்டும்.

‘இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே’ என்பது இப்போது வழக்கமாக வரும் பதில். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஈழத்து நூல்களுக்காக 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டமும் செய்திருக்கும் வேலைக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் மின்வருடி முன்னால் வைப்பதற்கு ஒரு பிரதி எங்கோ பிழைத்திருக்க வேண்டுமே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை ஓரளவேனும் ஈடுகட்ட, தனியார் அலமாரிகளைத்தான் தட்டவேண்டியிருந்தது.

வருடியெடுத்த பிரதிகளிலும் கோளாறு உண்டு. எச்.டி. லவ் 1913இல் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய மூன்று தொகுதிகள் போன்ற நூல்களில் மடித்து ஒட்டிய வரைபடங்கள் இருக்கும். அவசரமாக வருடுபவர்கள் பல நேரம் மடிப்பைப் பிரிப்பதே இல்லை. அந்தக் கோப்பை அப்படியே அச்சிட்டு விற்கும் நிறுவனங்கள் இணையத்தில் பெருகிவிட்டன. புத்தகம் பளபளவென்று இருக்கும், கோட்டையின் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத்தாளின் முதுகு தெரியும். டெல்லியின் ஏஷியன் எஜுகேஷனல் சர்வீசஸ் போன்ற பழைய மறுபதிப்பாளர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மறுபதிப்பு வந்ததும் அசலின் விலை கொஞ்சம் சரியும். படிக்க மட்டும் வேண்டியவர் அதை வாங்கிக்கொள்ளட்டும், அதில் தவறில்லை.

இந்த வியாபாரத்தின் இருட்டுப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வரைபடங்களையும் படங்களையும் கிழித்துச் சட்டம் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். முழுப் புத்தகத்தைவிட அதில் லாபம் அதிகம். நூலக முத்திரையோடு கடைக்கு வரும் புத்தகங்கள் இன்னொரு தலைவலி. அவற்றில் சில திருடப்பட்டவை, சில நூலகமே கழித்துக் கட்டியவை. எது எது என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனதற்கு நூலகங்களும் பொறுப்பு. கழிக்கும்போது ‘நீக்கப்பட்டது’ என்று ஒரு முத்திரை குத்தித் தேதி போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 1935ஆம் ஆண்டு நூலை ‘பழசு, கிழிசல்’ என்று எடைக்குப் போடும் குழுவில் வரலாறு தெரிந்த ஒருவராவது உட்கார்ந்தால் மீதியும் தீரும்.

இனிப் பணத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் இந்தியாவுக்கே முன்னோடி. அதன்படி சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் புதுப் புத்தகங்கள் வாங்க நூலக ஆணை இருக்கிறது. அது எப்போது வரும் என்று பதிப்பாளர்கள் காத்திருப்பதும் ஊரறிந்தது. அதிலிருந்து சிறு பங்கை ஒதுக்கி, மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றும் தன் மாவட்டத்து வரலாற்றைச் சொல்லும் பழைய நூல்களை வாங்கலாம். மதுரை நூலகத்தில் நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை மாவட்டக் கையேட்டின் அசல் பிரதி இருந்தால் என்ன குறைந்துவிடும்? கோயில் தல வரலாறு, ஜமீன் வழக்குத் தீர்ப்பு, பள்ளி நூற்றாண்டு மலர், சாதிச் சங்க மாநாட்டு அறிக்கை என்று உள்ளூரில் மட்டுமே கிடைக்கக்கூடியவற்றைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு தேட முடியாது. குஜிலிக் கடையில் சல்லிக்காசுக்கு விற்ற கொலைச் சிந்துகளையும் ரயில் விபத்துப் பாட்டுகளையும் அந்தக் காலத்துப் பெரியவர்கள் மதிக்கவில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ வந்த பிறகு அவை வரலாற்றுச் சான்றுகள். இன்றைக்கு எடைக்குப் போய்க்கொண்டிருக்கும் எது நாளைக்கு அப்படி ஆகுமோ, யார் கண்டார்கள்!

விலை நிர்ணயம் சிக்கல்தான். எம்.ஆர்.பி. இல்லாத பொருளைத் தணிக்கைக்குப் பயந்த அதிகாரி வாங்கமாட்டார். இரண்டு வரலாற்றாசிரியர், ஒரு நூலகர், ஒரு அனுபவமுள்ள பழைய புத்தக வியாபாரி என்று மாவட்டத்துக்கு ஒரு குழு அமைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை உட்காரவைத்தால் போதும். வியாபாரியைக் குழுவில் சேர்ப்பது முக்கியம். அவரை விட்டுவிட்டால் விலை ஒன்று அதலபாதாளத்தில் இருக்கும், இல்லையென்றால் ஆகாயத்தில் இருக்கும். தன் சரக்குக்குத் தானே விலை வைக்காமலிருக்க, அவர் பக்கத்து மாவட்டத்துக்காரராக இருக்கட்டும். வாரிசுகளிடமிருந்து நேரடியாக வாங்கும் வழியும் வேண்டும். பேப்பர்காரர் வருவதற்கு முன்னால் நூலகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனாலே பல வீடுகளில் புத்தகங்கள் தப்பிக்கும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தையும் இதோடு தெளிவுபடுத்த வேண்டும். 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் அதன்படி தொல்பொருளில் அடங்கும். அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். மூட்டையில் அச்சுப் புத்தகங்களோடு ஒரு நிலப் பத்திரமோ பனையோலைக் கட்டோ வந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? வம்பு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவார், அல்லது ரகசியமாக விற்பார். அரசு ஆவணக்காப்பகத்திடம் அதை ஒப்படைத்தால் கேள்வி கேட்காமல் பெற்றுக்கொண்டு, ஒரு ரசீதும் நியாயமான தொகையும் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால், அவர் பேருந்துச் செலவைப் பார்க்காமல் எழும்பூரில் இருக்கும் அந்தக் காப்பகம் வரை வருவார்.