மாத்திரையும் சோறும்

"மாத்திரைதான் இலவசமாகக் கொடுக்கிறார்களே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிற கனவான்களுக்கு ஒரு வார்த்தை.

ஆரணியில் தறி ஓடினால்தான் நெசவாளிக்குக் கூலி. காசநோய் கண்டு அவர் படுத்துவிட்டால், வீட்டில் முதலில் குறைவது சோறு.

1959-ல் வெளியான சென்னை ஆராய்ச்சி, சானடோரியத்துச் சாப்பாடு இல்லாமல் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் குணமாவதைக் காட்டியது. பெருமைப்பட வேண்டிய உண்மைதான். அதற்காக, எலும்பும் தோலுமாகக் கிடப்பவருக்கும் மருந்தே போதும் என்று அர்த்தமா? 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வைப் பாருங்கள்: உணவும் கொடுத்துச் சிகிச்சை செய்ததில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவின் அபாயம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்திருந்தது. குடும்பத்தார் அனைவருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் கண்டவர்களும் குறைவு.

தமிழ்நாட்டில் 2022 முதல் நோயாளியை எடை பார்த்து, மிக மெலிந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வீடு திரும்பிய பிறகு? 2024 நவம்பர் முதல் மத்திய அரசு தருவது மாதம் 1000 ரூபாய். நாளைக்கு 33 ரூபாய். பிள்ளைகள் பட்டினி கிடக்க, எந்தத் தகப்பன் தனியாக முட்டை தின்பான்?

ஜரிகையின் எடையை விசாரித்துப் புடவை வாங்கும் நாம், அதை நெய்தவரின் எடையையும் விசாரிக்க வேண்டாமா? மாத்திரையோடு அந்தக் குடும்பத்துக்கே அரிசியும் பருப்பும் போகட்டும். அது தர்மம் அல்ல, வைத்தியம்.